பூஜையில் வைத்த பெட்டியும் புளித்துப்போன பாலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவரைப் பற்றியே நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவது தகுமா என்று ஒரு யோசனை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், கம்ப்யூட்டர் சமாசாரத்தைத் தப்பும் தவறுமாக எழுதினால் சிரிப்பார்களே என்று இன்னொரு யோசனை. என் மனைவி, "ஈஸ்வரன் பாத்துப்பான், நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மாதான் இருந்தேன்.

போன மாசம் அப்படி இருக்க முடியாமல் போய்விட்டது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பால், கோழி, காய்கறி வியாபாரம் செய்கிறவர்களையெல்லாம் கூட்டி வைத்து, கம்ப்யூட்டர் திருடர்களிடமிருந்து தொழிலைக் காப்பாற்றுவது எப்படி என்று கூட்டம் போட்டிருந்தார்கள். அங்கே நான் விருந்தாளி இல்லை. சமையல்காரருக்கு மோர் இறக்கப் போயிருந்தேன். மேடையைப் பார்த்தால் என் பழைய முதலாளி. நெற்றி நிறைய விபூதி, தோளில் யாரோ போர்த்திய சால்வை.

"எங்கியோ வெளிநாட்ல குந்திகினு எவனோ ஒருத்தன் எங்க பால் கம்பெனிய முடக்கிட்டான். அன்னிக்கு டேங்க்ல இருந்த பால் மொத்தத்தையும், மனசாட்சிக்குப் பயந்து, கால்வாய்ல ஊத்தினோம்" என்றார் மைக்கில்.

மண்டபமே கைதட்டியது. நான் மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அந்தக் கால்வாயில் ஒரு சொட்டுப் பால்கூட விழவில்லை. நான் அங்கே இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

அந்த இடம் படப்பைக்கு உள்ளே தள்ளி, மண்பாதையில் போனால் வரும் ஒரு தகரக் கொட்டகை. சுற்றுக் கிராமங்களில் மாடு வைத்திருக்கிறவர்கள் கறந்த பால் கேன்களில் அங்கே வரும். எடை போட்டு, கொழுப்புப் பார்த்து, பெரிய எவர்சில்வர் டேங்கில் ஊற்றிக் குளிர வைப்போம். பிறகு காய்ச்சி ஆற்றி, பாக்கெட் போட்டு, தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பொத்தேரி ஹாஸ்டல்கள் என்று வேன்கள் கிளம்பும். முதலாளியின் குடும்பம் அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலம் ப்ளாட்டாகிப் போன பிறகு பால் வியாபாரத்துக்கு வந்தார்கள். டேங்க் அறையும் வேன் ஏற்றுவதும் என் பொறுப்பு. மாடம்பாக்கத்தில் என் வீட்டு வாசலிலேயே என் மனைவி பூத் போட்டு அதே பாலை விற்றாள்.

காலையில் டேங்க் மூடியில் கை வைக்கும் முன் 'சிவசிவ' என்று சொல்லிக்கொள்வேன். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க நான் சாமியிடம் கேட்டது ஒன்றுதான். கெட்ட பால் என் கையால் ஒரு வீட்டுக்கும் போகக் கூடாது. குழந்தை குடிப்பது, நோயாளி குடிப்பது, சாமிக்கு ஊற்றுவது, எல்லாம் அந்த டேங்கிலிருந்துதானே போகிறது.

முன்பெல்லாம் அங்கே எல்லாம் கைவேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எடை மெஷின் அதற்குச் சொல்லும். டேங்கில் குளிர் எவ்வளவு என்று அதுவே பார்த்துக்கொள்ளும். குளிர் மெஷினை ஓடு, நில் என்று சொல்வதும் அதுதான். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே எவன் கையும் படக் கூடாதுபா. மனுசன் கை பட்டாத்தான் தப்பு வரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பழைய தராசையும், கையால் சுற்றிக் கொழுப்புப் பார்க்கிற மெஷினையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். குளிர் மெஷினில் அவசரத்துக்குக் கையால் போட ஒரு சுவிட்ச் இருந்தது. அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தவர் பொத்தேரியில் சின்னக் கடை வைத்திருந்தார். எல்லாம் முடித்துக் கிளம்பும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார்.

"சார், கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லாத்துக்கும் இதுல நகல் இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா மாட்டுங்க, நகல் எடுங்க, உடனே கழட்டிடுங்க. கழட்டி வேற எடத்துல வைங்க. ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல மாட்டினா ரெண்டாவது சாவி எதுக்கு, சொல்லுங்க?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா சார்? பத்திரமா வச்சிருப்போம்" என்றார் முதலாளி. அப்படியே வைத்தார். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுப் பூஜையறையில், லட்சுமி படத்துக்கு முன்னால், ஒரு பட்டுத் துணியில் சுற்றி. வாரம் தவறாமல் கொண்டுவருவார், மாட்டுவார், கழற்றி எடுத்துப் போவார். குறை சொல்ல மாட்டேன். பூஜையறையில் இருந்தவரை அந்தப் பெட்டிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பூஜைக்கு வந்த அன்றுதான் வந்தது.

ஆயுத பூஜை. வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். வேன்களைக் கழுவிப் பொட்டு வைத்தோம். எடை மெஷினுக்குப் பட்டை, பாக்கெட் மெஷினுக்கு மாலை. ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரையின் மேல் சிவப்புத் துணி போர்த்தி, எதிரில் இலை போட்டுப் பொரி கடலை பரப்பினேன். மாலையில் முதலாளி பட்டுத் துணியோடு பெட்டியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். திருப்தி வரவில்லை.

"இன்னாபா இது, எல்லா மோட்டாரையும் ஓடவுட்டுத்தான சூடம் காட்றோம்? இது மட்டும் பொணமாட்டம் குந்திகினு கீது. ஒயர மாட்டு."

சேலையூர் வேன் ஓட்டுகிறவர் கொஞ்சம் வாய் உள்ளவர். "அண்ணா, மாட்டுனா உடனே கழட்டணும்னு அந்த பொத்தேரி சார் சொன்னாரே" என்றார்.

"நாளைக்குக் காலைல கழட்டுவோம். பூஜைல வச்சத அன்னிக்கே எடுப்பாங்களா? வூட்ல கொலு வச்சவன் அன்னிக்கே படியப் பிரிப்பானாடா?"

"அது பொம்ம, இது மெசினு."

"ஆயுத பூஜைக்கு மெசினுதாண்டா சாமி. மாட்டு."

மாட்டினார்கள். பெட்டியின் முனையில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. முதலில் மெதுவாகச் சிமிட்டியது. சூடம் ஏற்றி மணி அடிக்கும்போது படபடவென்று விடாமல் சிமிட்ட ஆரம்பித்தது. வாரா வாரம் மாட்டும்போது அது அப்படிச் சிமிட்டி நான் பார்த்ததில்லை. முதலாளி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா? சரஸ்வதி எறங்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்களும் போட்டுக்கொண்டோம். பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். போகும்போது முதலாளி வாட்ச்மேனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "காலைல நான் வந்து சூடம் காட்ற வரைக்கும் ஆபீஸ் ரூம்ல ஒண்ணத்தையும் தொடாத."

விஜயதசமி அன்று காலை நான் போனபோது வாசலிலேயே வாடை அடித்தது. பால் புளிப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு டேங்க் நிறைய பால் கெட்டுப்போகும் வாடை வேறு. ஈரத் துணியும் பழைய மாவும் சேர்ந்து நாறுவதுபோல் மூக்கில் ஒட்டிக்கொண்டது. டேங்கின் மேல் கை வைத்தேன். தினமும் வேர்த்து ஜில்லென்று இருக்கும் எவர்சில்வர், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "அது இன்னாவோ பீப்பு பீப்புன்னு கத்திகினே இருந்துச்சு நைனா. அப்பறம் அதுவே அடங்கிருச்சு. கை சுவிட்சு பொட்டி சாவி ஓனர் இடுப்புல கீது, நான் கைய கட்டிகினு நின்னேன்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இன்னான்னு பண்றது? பூஜைல வச்ச சாமான் கத்துதுன்னா? ஓனரு என்னத்தான் கத்துவாரு."

முதலாளி வந்தார். வந்ததும் நான் டேங்கைப் பற்றிச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. பூஜையை முடிக்காமல் எதையும் தொடக் கூடாது என்று ஆபீஸ் ரூமுக்குள் போய்ச் சூடம் ஏற்றிக் காட்டினார். காட்டிவிட்டுத்தான் திரையின் மேலிருந்த துணியை எடுத்தார். உள்ளே சிவப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தாக இங்கிலீஷ். தட்டில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எவனோ எழுதிய மிரட்டலுக்கு நாங்கள் ஆராதனை காட்டியிருக்கிறோம்.

பால் சோதித்துப் பார்க்கும் பெண் எங்களில் படித்தவள். அவள்தான் படித்துச் சொன்னாள்: "சார், உள்ள இருக்கறது எல்லாத்தையும் யாரோ பூட்டிட்டாங்க. பணம் குடுத்தாத்தான் திறப்பாங்களாம்."

"எவன்டா அவன்? எந்த ஊர்க்காரன்? நம்பர் போடு, பேசுவோம்."

"நம்பர் இல்ல சார்."

"நம்பரே இல்லாம எப்டி பேரம் பேசறது? இன்னா வியாபாரம் பண்றான் இவன்?"

பொத்தேரிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர் பதறாமல் கேட்டார். கடைசியில், "கவலைப்படாதீங்க சார், பெட்டி இருக்குல்ல? கழட்டி வீட்ல வச்சிருக்கீங்கல்ல? அதுல இருந்து எடுத்துடலாம்" என்றார்.

எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தோம்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"பூஜைல வச்சோம்" என்றார் முதலாளி.

"வச்சா பரவால்ல சார். மாட்டலியே?"

"ராத்திரி பூரா மாட்டித்தான் சார் கெடந்துச்சு" என்றார் சேலையூர் வேன்காரர். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "அப்ப அதையும் சேத்துத்தான் பூட்டியிருப்பான் சார். இவனுங்க லீவு நாள் பாத்துத்தான் வருவானுங்க. எவனும் கிட்ட வர மாட்டான்னு தெரியும்."

மத்தியானத்துக்கு மேல் அவர் நேரில் வந்து பார்த்தபோதுதான் வந்த வழி தெரிந்தது. முதலாளி தன் பெண்ணுக்கு வரன் பார்க்க, ஜாதகப் பொருத்தம் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைக் காசில்லாமல் எங்கிருந்தோ இறக்கி, பால் கம்பெனி கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்திருக்கிறார். திருடன் அதற்குள் உட்கார்ந்து வந்து, நல்ல நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறான்.

காலையில் அது ஒன்றும் தெரியாது. வெளியே கேன்களோடு ஜனம் நின்றது. விஜயதசமிக்கு மாடு மடியைப் பூட்டிக்கொள்ளுமா? எடை மெஷின் கம்ப்யூட்டர் இல்லாமல் எண் காட்டாது. பழைய தராசு இரும்புக் கடைக்குப் போய்விட்டது. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, சிஸ்டம் டவுனு" என்று கேட்டில் நின்று ஒருவர் சொன்னார். தலையில் கேனோடு நின்ற ஒரு அம்மாள், "பாலு கேன்ல கீது. கண்ணு உன் மூஞ்சில கீது. பாத்து அளக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டீக்கடைப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் பாதிப் பேர் போனார்கள். எங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. கையால் செய்கிற எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதில் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான். முட்டாள்தனத்தை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. இனிமேல் எழுதப்போவதில்தான் தயக்கம்.

சோதனை பார்க்கும் பெண் டேங்கிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட் விட்டு ஆட்டிக் காட்டினாள். துணுக்குத் துணுக்காகத் திரிந்து குழாயின் சுவரில் ஒட்டியது.

"சார், இது தேறாது. கொட்டிடலாம்."

முதலாளி அந்தக் குழாயைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இந்த ரிசல்ட்ட எங்க ஏத்துவ?"

"கம்ப்யூட்டர்லதான் சார்."

"கம்ப்யூட்டருதான் செத்துப்போச்சே. ஏத்தாத ரிசல்ட்டு ரிசல்ட்டா? இன்னிக்கு இங்க ஒண்ணுமே நடக்கல, புரிஞ்சிதா? எல்லாம் ஹேக்கர் எடுத்துகினு போய்ட்டான்."

அதுவரை இடி விழுந்தவர்போல் இருந்த மனிதர், அந்த வார்த்தையைச் சொன்னதும் தெளிந்துவிட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன். திருடன் செய்த கெடுதலில் தனக்கு ஒரு வசதி இருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. முகத்தில் ரத்தம் ஓடியது.

துணி துவைக்கிற சோடா மூட்டை ஒன்று வேனில் வந்து இறங்கியது. எங்கே வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. புளிப்பை முறிக்க அதைப் பாலில் போடுவார்கள் என்று பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எங்கள் டேங்கில் போட்டுப் பார்த்ததில்லை. முதலாளியே சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். தூளை அள்ளி அள்ளிப் போட்டார். கலக்கும் இயந்திரமும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் சுற்றும் என்பதால், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கயிறு கட்டி இறக்கி மொண்டு மொண்டு ஊற்றினார். கயிறு நழுவியபோது கையையே விட்டு எடுத்தார். மனுசன் கை படக் கூடாது என்று சொன்ன அதே கை, முழங்கைக்கு மேல் வரை என் டேங்கின் பாலுக்குள் போனது. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வழியாகச் சொட்டியது. நுரை பொங்கி, மேலே மஞ்சளாக ஏடு கட்டியது. புளிப்பு வாடைக்குப் பதிலாகத் துணி துவைக்கிற கல்லின் வாடை வந்தது. எனக்கு அன்றிலிருந்து இன்றுவரை பால்கோவா, பாயசம் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

"ம், காச்சறதெல்லாம் வேணாம், பேக்கிங் போடு" என்று இறங்கினார். பாக்கெட் மெஷின் மட்டும் தனி மெஷின், அது பழையபடி ஓடியது. பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் நிக்கிற? கோவிலுக்கு நேரமாவல?" என்றார்.

முதலாளியின் உபயமாக மாடம்பாக்கத்துச் சிவன் கோவிலுக்கு நாள்தோறும் ஒரு தூக்குப் பால் போகும். அதை என் மொபெட்டில் எடுத்துப்போய்க் கொடுப்பது என் வேலை. என் பாக்கியம் என்று நினைத்துச் செய்த வேலை. தூக்கை டேங்க் குழாயிலேயே பிடித்து நிரப்பி, மூடி, என் கையில் நீட்டினார்.

"அண்ணா, இது அபிஷேகத்துக்குண்ணா."

"தெரியும்டா. ஊத்தறதுதான? சாமி இன்னா குடிச்சுப் பாத்தா சொல்லப்போவுது?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தெய்வத்தை நம்பாதவன் அப்படிப் பேசினால்கூட எனக்குக் கோபம் வராது. நேற்று ஒரு விளக்கு சிமிட்டியதற்குக் கண் கலங்கியவர் இவர். இன்று அந்தச் சாமிக்கே சோடாத் தண்ணீர் தருகிறார். தூக்கை வாங்கி, தரையில் வைத்தேன்.

"இது என் கையால போகாதுண்ணா. பாக்கெட்டும் என் கையால ஏறாது."

"ஏறலன்னா நீ ஏறிப் போ. ஆளா கெடைக்காது எனக்கு?"

கிடைத்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுப்பதற்குள் க்ரேட்டுகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. சேலையூர் வேன்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வழியில், மாடம்பாக்கத்தில் இன்னும் மாடு வைத்திருக்கிற ஒருவர் வீட்டில் நின்று, கறந்த பாலை வாங்கிக் கோவிலில் கொடுத்தேன். "இன்னைக்கு வேற பாத்திரமா இருக்கே?" என்று கேட்டார்கள். "இன்னைக்கு என் உபயம் சாமி" என்று சொல்லிவிட்டு, சந்நிதி முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். விபூதி மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

பால் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பண்டிகை நாள், பூத்தில் கூட்டம். என் மனைவி முதல் க்ரேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"விக்காத. ஒண்ணுகூட குடுக்காத" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். எதிர்த் தெரு ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா நைனா, ஓனரோட பேஜாரா? பூஜைக்கு வேட்டி எடுத்துக் குடுக்கலியா?"

"சத்தியமாச் சொல்றேன்பா. பால் புளிச்சுப்போச்சு. சோடா போட்டுக் கலந்திருக்காங்க."

"புளிச்சிருந்தா காச்சினாத் திரியும் இல்ல? காச்சிக் காட்டு."

என் மனைவி வாசலிலேயே ஸ்டவ்வை வைத்து ஒரு பாக்கெட்டை வெட்டி ஊற்றினாள். கூட்டம் சுற்றி நின்றது. எல்லோரும் பாத்திரத்தையே பார்த்தோம். பால் சூடாகி, ஓரம் கட்டி, பொங்கியது. திரியவில்லை. அழகாகப் பொங்கியது. அதற்குத்தானே அந்தச் சோடாவைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு எப்படித் தெரியும்?

"நைனா, பால் சூப்பரா கீது. உனக்குத்தான் உள்ள எதோ புளிச்சுப்போச்சு" என்றார் ஆட்டோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு டீச்சர் சிரிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். இடுப்பில் அவர் குழந்தை, நடக்கப் பழகுகிற வயசு, மூன்று வேளையும் எங்கள் பால்தான். கையில் எடுத்த பாக்கெட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி காய்ச்சிய பாலை டம்ளரில் ஊற்றி ஆற்றி, ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிற்று. காலையில் தானே போட்ட கோலத்தின் மேல் துப்பினாள். டீச்சர் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சோப்பு மாதிரி இருக்குங்க" என்றார் மெதுவாக. பாக்கெட்டை க்ரேட்டில் திருப்பி வைத்துவிட்டு, குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்னும் சிலர் ருசி பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்காமலே போனவர்களும் உண்டு. "வீட்ல விருந்தாளி வந்திருக்காங்க, வேற எங்க போறது?" என்றார்கள். பூத்தில் கொடுக்கவில்லை என்றதும், எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்த வேன்காரர் ரோட்டிலேயே க்ரேட்டை இறக்கி விற்றார். ஆட்டோக்காரர் அவரிடம்தான் வாங்கினார். என்னைப் பார்த்துப் பாக்கெட்டை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

புகார் கொடுக்கக் கையில் ஒரு பாக்கெட்டாவது வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி பூத்தில் மிச்சமிருந்த அத்தனையையும் வெட்டிச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். முதலாளி மேடையில் சொன்ன 'கால்வாய்' நிஜத்தில் எங்கள் வீட்டுச் சாக்கடைதான்.

அடுத்த நாள் எங்கள் தெருவிலும் பின் தெருவிலும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. டீச்சர் வீட்டுக் குழந்தை நன்றாக இருந்தது. ஆட்டோக்காரரின் சின்னப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நான் கோவில் விபூதியை எடுத்துக்கொண்டு போனேன். 'அன்றைக்கே சொன்னேனே' என்று கேட்பவன்போல் நிற்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். விபூதியை வாங்கிக் குழந்தை நெற்றியில் வைத்துவிட்டு, போனைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"பாத்தியா நைனா, வெளிநாட்டுப் பசங்க கம்ப்யூட்டர் வழியா பூந்து பால்ல விசத்தக் கலந்துட்டானுங்களாம். எல்லா குரூப்லயும் வந்துகினு கீது."

"கம்ப்யூட்டர் வழியா பால்ல எப்படிப்பா கலப்பான்? கலந்தது ஓனர். நான் பக்கத்துல நின்னேன்."

"நீ இன்னாபா. உனக்கும் அவருக்கும் ஆவாது. அவரே பாவம், எவ்ளோ லாஸு. எல்லாரும் உசாரா இருங்கன்னு அவருதான் மொதல்ல அனுப்பிகிறாரு."

நான் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னால் ஒருநாள் பொத்தேரிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வெறுத்துப்போய்ச் சிரித்தார். "அவன் பூட்டினது கம்ப்யூட்டரத்தாங்க. பக்கெட்டுல கயிறு கட்டறதுக்கு அவன் வரல."

ஆட்டோக்காரரின் பெண் தேறிவிட்டாள், ஈஸ்வரன் புண்ணியம். சோதனை பார்த்த பெண் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பால் கம்பெனி ஓடுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கோவிலுக்குத் தூக்குப் பாலும் வேறொருவர் கையில் போகிறது. என்ன பால் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய முதலாளி எதிரில் வந்தால் நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். பயத்தால் இல்லை. அவர் உடம்பிலிருந்து இன்னும் அந்தச் சலவை வாடை வருவதாக எனக்குப் படுகிறது.

திருடனை நான் மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் முகம் தெரியாது, அவனுக்கு எங்கள் குழந்தைகளின் முகம் தெரியாது. தெரிந்த முகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பக்தியில் அது ஒரு குறை என்றால், அந்தக் குறையோடுதான் போவேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். பால், முட்டை, காய்கறி என்று எந்தத் தொழில் செய்கிறவராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு என்னைப் பெரிய ஆளாக்க வேண்டாம். அவர் மேல் ஆத்திரப்பட்டு அவர் செய்யாததைச் சேர்க்க வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும் என்று வெளிநாட்டுக்காரன் விஷம் வைத்த கதையாக்க வேண்டாம். அந்தக் கதைதான் ஏற்கெனவே எல்லா போனிலும் இருக்கிறதே. இதில் தண்ணீர் விடாதீர்கள், தூளும் போடாதீர்கள். கறந்தது கறந்தபடியே அடுத்தவர் பாத்திரத்துக்குப் போகட்டும்.